எதிர்ப் பக்கம் விழுந்த சீட்டு

ஏழு கடலும் தாண்ட வேண்டாம், ஏழு மலையும் ஏற வேண்டாம். கோவில்பட்டியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷனரிக் கடை, அந்தக் கடைக்கு ஒரு மாடி, அந்த மாடியில் ஒரே ஒரு மாரீஸ்வரி இருந்தாளாம். அவள் உள்ளங்கையில் ஒரு சீட்டு இருந்ததாம். சீட்டில் ‘எதிர்’ என்று எழுதியிருந்ததாம். உம் கொட்டிக் கேட்க ஆள் இல்லாததால் கதை அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. சீட்டை அவள் திரும்பவும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத்து மாறிவிடப் போகிறதா என்ன? வியர்வையில் அது கஞ்சி போலக் கசங்கிக்கொண்டு வந்தது. எவர்சில்வர் டம்ளருக்குள் ரெண்டே ரெண்டு சீட்டுதான் போட்டார் தங்கமாரியப்பன் சார். ரிட்டயர் ஆன தமிழாசிரியர், இந்த வாசகர் வட்டத்தை ஆரம்பித்தவர், என்றைக்கும் நடுவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு புத்தகம், அதற்குச் சார்பாக ஒருத்தர், எதிராக ஒருத்தர் என்று ரெண்டு பேச்சாளர். சீட்டில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். “சொந்தக் கருத்து எல்லாத்துக்கும் வீட்டுல இருக்கு. இங்க வந்து அடுத்தவன் கருத்துக்கு நாக்கக் குடுத்துப் பாருங்க” என்பார். சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. இதுவரை யாரும் மாற்றிக் கேட்டதில்லை. கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? டம்ளருக்குள் கையை விட்டபோது ரெண்டு சீட்டும் விரலில் பட்டன, அவள் ஒன்றைத் தொட்டு, விட்டு, இன்னொன்றை எடுத்தாள், முதலில் தொட்டதையே எடுத்திருந்தால், முதலில் தொட்டதையே எடுத்திருந்தால். எதிரே ஜன்னலோரத்தில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். அரக்குக் கலர் சுடிதார், மடியில் கைப்பை, கைப்பைமேல் ரெண்டு கையும். லேபில் ரத்தம் எடுக்கிற கை. யாருக்கும் நரம்பு கிடைக்காத புஜத்தில்கூட அவள் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அந்த விரல்களில் எப்போதும் லேசாக ஒரு ஸ்பிரிட் வாசனை. இப்போது இவ்வளவு தூரத்தில் அது வருமா, வராது. ஆனாலும் வந்தது.

“ஒரே ஒரு ஆளு” என்று சொல்லியிருந்தாள் செண்பா. போன வாரம், லேபுக்குப் பின்சந்தில், ஸ்கூட்டியைச் சுவரோடு சாத்திவைத்துக்கொண்டு. சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கூட்டம் நடக்கிற அதே ஞாயிறு சாயங்காலம் பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டு, அழாமல், பேரம் பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள். “கூட்டத்துல அந்தப் புத்தகத்தப் பத்திப் பேசுவாங்கள்லா. கதையத்தான பேசுவாங்க, நம்மள இல்லையே. ஊரு என்ன நெனைக்குன்னு காதால ஒருக்கா கேட்டுக்கிடுதேன். ஒரே ஒரு ஆளு, கதையில வார அந்த ரெண்டு பிள்ளைகளப் பாத்து ‘நல்லா இருங்கட்டி’ன்னு மனசாரச் சொல்லட்டும். நான் நேரா வீட்டுக்குப் போயி மாட்டேன்னு சொல்லிட்டு, துணிய எடுத்துட்டு உங்கூட வந்துருதேன். எந்த ஊருன்னாலும் சரி.” நான் சொல்றேன்ல, நான் ஒரு ஆளு இல்லையா என்று மாரீஸ்வரி கேட்டதற்குச் செண்பா அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டாள். “நீ எங்கிட்ட சொல்லுவ. அங்க சொல்லணும்.” சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு இருந்தது. ராத்திரி முழுக்க வாக்கியங்களைத் தயார்செய்தாள், ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துச் சுவைத்தாள். சார்பாக ஒரு சீட்டு, எதிராக ஒரு சீட்டு. சார்பு விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, சீட்டின் மறைவில் நின்றுகொண்டு உண்மையைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பாதியை நம்பித்தான் செண்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். இப்போது சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள், பாட்டில் மூடி கீழே விழுந்து உருண்டு கருப்பசாமி அண்ணனின் செருப்பருகே போய் நின்றது. அவர் எடுத்துக் கொடுத்தார். லேத் பட்டறைக்காரர். அவள் அப்பாவின் வெல்டிங் பட்டறைக்கு அடுத்த பட்டறை. தினமும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். “என்ன தாயி, மூடியக்கூட விட்டுட்ட? நீயே பயந்தா நாங்கள்லாம் எங்க போக?” என்றார் அண்ணன்.

புத்தகத்தின் பெயர் ‘நீ தோற்கும் வரை’. இளவயசுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய நாவல். ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம், ஒரு ஹாக்கி டீம், ஸ்டெல்லா என்று ஒருத்தி, கயல் என்று ஒருத்தி, ரெண்டு பேருக்கும் கேப்டன் பதவிமேல் கண். ஒருத்தி ஷூவுக்குள் ஒருத்தி மண்ணள்ளிப் போடுவாள், ஒருத்தி தட்டில் ஒருத்தி உப்பைக் கொட்டுவாள். அப்புறம் ஒரு மழைநாள் ஆட்டத்தில் ஸ்டெல்லாவின் மட்டை பட்டுக் கயலின் முழங்கால் பிளக்கிறது, ஸ்டெல்லாவே கட்டுப் போடுகிறாள், கட்டுப் போட்டு முடித்த பின்னும் கை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ரெண்டு பேரும் ரயில் ஏறிவிடுகிறார்கள். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை. செண்பாவும் அவளும் ஒரே பிரதியைத்தான் படித்தார்கள், ஒருத்தி பக்கத்தை முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருந்து. உப்புக் கொட்டுகிற இடத்தில் செண்பா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏட்டி, இது நீதான். சிவகாசிப் போட்டியில எம்பேர மேடையில வேணும்னே தப்பாச் சொன்னேல்லா.” அப்போது அவர்கள் வேறுவேறு கல்லூரி, பட்டிமன்றப் போட்டிகளில் என்றைக்கும் எதிரெதிர் அணி. செண்பா அவளுக்கு ‘மனப்பாட மிசின்’ என்று பெயர் வைத்திருந்தாள். ரெண்டு வருசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அப்புறம் கயத்தாறு பக்கத்தில் பஸ் நின்றுபோய், மழையில், ஒரு டீக்கடைத் தகரத்தடியில், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. மழை விட்ட பிறகும் நின்றது. அதை நினைத்தால் இப்போதும் தோளில் தகரத்து ஓட்டைத் தண்ணீர் சொட்டுகிறது.

“மொத்தத்துல கதை நல்லாத்தான் போகுது சார்” என்று கருப்பசாமி அண்ணன் ஆரம்பித்திருந்தார். பேச்சாளர்களுக்கு முன்னால் மற்றவர்கள் ரெண்டு வார்த்தை சொல்வது வழக்கம்தான், ஆனால் அவர் எப்போது எழுந்தார்? “ரெண்டும் அடிச்சுக்கிடுத வரைக்கும் கீழ வைக்க மனசில்ல. அப்பறம் பாத்தா ரெண்டும் ஒண்ணு சேந்துருச்சு. எதுக்குச் சேந்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. நானும் எம்பொண்டாட்டியும் இருவது வருசமா அடிச்சுக்கிடுதோம், எங்களுக்குள்ள ஒண்ணும் நடக்கலியே!” எல்லாரும் சிரித்தார்கள். செண்பாவும் சிரித்தாள், மற்றவர்கள் நிறுத்திய இடத்தில் சரியாக நிறுத்தினாள். இவர் இல்லை என்று மாரீஸ்வரி மனசுக்குள் விரலை மடக்கினாள். ஒரே ஒரு ஆள். இவர் இல்லை. அடுத்து ராஜகனி அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ், நைட் டூட்டி முடிந்து தூங்காமல் வந்திருந்தாள், படிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் அழுகிறவள், நல்லவள். இவள் சொல்லிவிடுவாள் என்று மாரீஸ்வரி நினைத்தாள், செண்பாவும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்தாள். “நான் அழுதேன் சார், மறைக்க மாட்டேன். அந்த முட்டிக்கு மருந்து போடுத எடத்துல அப்படி ஒரு அழுகை. அதுகளப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா, எம்மவ லெவன்த் படிக்கா. அவ கையில கெடச்சா என்ன ஆகும்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, உடனே புத்தகத்தக் கொண்டுபோயி அரிசி டப்பாவுக்குள்ள வச்சு மூடிட்டேன். இப்ப பொங்கும்போதெல்லாம் அரிசிக்குள்ள கைய விட்டா அது தட்டுது.” மறுபடியும் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. அழுதது மனசார அழுதாள், அரிசிக்குள் வைத்ததும் மனசாரத்தான் வைத்தாள், ரெண்டும் ஒரே கைதான் செய்தது, இதில் எதை எண்ணுவது? பாதி ஆள் உண்டா? பாதி ஆள் கணக்கில் வருமா என்று செண்பாவிடம் கண்ணால் கேட்டாள். செண்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ வெள்ளரிக்காய் கூறு கட்டி விற்றார்கள்.

அருள்செல்வன் எழுந்தான். வங்கியில் வேலை, கவிதை எழுதுகிறவன், சார்புச் சீட்டு இவனுக்குத்தான் விழுந்தது. மாரீஸ்வரி எடுக்காமல் விட்ட சீட்டு, அவள் விரல் முதலில் தொட்ட சீட்டு. அதை அவன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தான், வெள்ளைத் துணிக்கு மேலாக அதன் முனை தெரிந்தது. அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நடுவர் அவர்களே, இவர்களும் மனிதர்கள்தாம். இயற்கை செய்த பிழைக்கு இவர்கள் என்ன செய்வார்கள்? உலக நாடுகளெல்லாம் இன்று பரிவுடன் அணுகுகின்றன. நாமும் இரக்கத்தோடு ஒரு மூலையில் இவர்களுக்கு இடமளிப்போம்.” பிழை. மூலை. இரக்கம். ஒவ்வொரு சொல்லும் ஈரத்துணி போல முகத்தில் வந்து விழுந்தது. மடையா, நீ சார்பாகப் பேசுகிறாயா? அந்தச் சீட்டை என்னிடம் கொடு. கயலின் முழங்காலில் இருந்த கைக்கு யாருடைய இரக்கம் வேண்டியிருந்தது, அது எந்த மூலையில் இருந்தது? அவளுக்குக் காது சூடேறியது. மேடைக்கு முன்னால் எப்போதும் ஏறுகிற சூடு, எதிராளியின் பேச்சில் ஓட்டை தெரிந்தவுடன் ஏறுகிற சூடு, அது வந்துவிட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. தோற்றுவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ரெண்டு இடத்தில் திக்கி, ஒரு இடத்தில் மறந்து, மன்னிக்கணும் சார் உடம்பு சரியில்லை என்று உட்கார்ந்துவிடுவது. அது போதும். செண்பாவுக்குப் புரிந்துவிடும். புரியும்தானே? சார் “அடுத்து நம்ம மாரீஸ்வரி, பாவம் அருளு, இன்னிக்கு உன்னய யாரும் காப்பாத்த முடியாது” என்றார். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் யாரோ பல்லைக் கடித்த மாதிரிக் கேட்டது.

“நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் இரக்கம் கேட்டார்.” அவள் குரல்தான். எவ்வளவு தெளிவாக இருக்கிறது. “இரக்கம் கேட்டு வாங்குற எடத்துல நியாயம் இருக்காது. நண்பரே, நீங்க மூலையில எடம் ஒதுக்கும்போதே வீடு உங்களுதுன்னு முடிவு பண்ணிட்டீங்க.” சபாஷ் என்றார் கருப்பசாமி அண்ணன். இது சார்பான பேச்சல்லவா, இப்படியே இறங்கிவிடு, இப்படியே, என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். ஆனால் சீட்டு? எதிர்ப் பக்கம் எங்கே? பக்கம் மாறினால் சார் கையைத் தூக்குவார், ஏம்மா தடம் மாறுற என்பார், எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், அண்ணன் பார்ப்பார், நாளைக் காலையில் டீ பெஞ்சில் அப்பாவிடம், உம்மவ நேத்து ஒரு மாதிரியாப் பேசுனாப்பா. அப்பா கண்ணில் வெல்டிங் கண்ணாடி இருக்காது அப்போது. நாக்கு வழியைத் தேடியது, கண்டுபிடித்தது. எப்போதும் கண்டுபிடிக்கும். “என் வாதம் வேற. இந்த நாவல் பொய் சொல்லுது. பொய் சொல்லிப் பிள்ளைகள ரயிலேத்தி விடுது. எந்த ஊருக்கு ரயில்? எழுதின ஆளுக்கே தெரியாது.” திக்கிவிடு, இப்போது திக்கிவிடு. “நடுவர் அவர்களே, போன மாசியில நம்ம பக்கத்து ஊருக் கல்கிடங்குத் தண்ணியிலருந்து ரெண்டு பொம்பளப் பிள்ளைகளப் பொணமா எடுத்தாங்க. பேப்பர்ல குடும்பப் பிரச்சினைன்னு போட்டான்.” ஐயோ, இது வேண்டாம். இதைச் செண்பா சொன்னது. இருட்டில், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வேறு யாரிடமும் சொல்லாமல் சொன்னது. இதை எடுக்காதே. ஆனால் இது எவ்வளவு நல்ல ஆதாரம், அறை முழுக்க மூச்சடங்கிவிட்டது, ராஜகனி அக்கா முந்தானையை வாயில் வைத்துவிட்டாள். “அதுக்கு மொதநா அதுல ஒரு பிள்ளை ஒரு லேபுல ரத்தம் குடுக்கக் கைய நீட்டி உக்காந்திருக்கு. இன்னொரு பிள்ளை வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல நின்னு உள்ள பாத்துட்டே இருந்திருக்கு. பாத்தவங்க சொன்னது. அந்தப் பிள்ளைகளும் யாரோ எழுதின ஒரு ரயில நம்பித்தான் வீட்டவிட்டு எறங்கியிருக்கும். வரல. நம்ம ஊர்ல அந்த ரயில் வராது, நடுவர் அவர்களே. வராத ரயிலுக்கு டிக்கெட் அடிச்சுப் பிள்ளைகள் கையில குடுக்குறதுக்குப் பேரு அன்பு இல்ல. கொலை.” கடைசிச் சொல்லை அவள் தாழ்த்திச் சொன்னாள். எங்கே தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கைதட்டல் தகரத்தில் விழுந்த மழை மாதிரி வந்தது.

அவள் செண்பாவைப் பார்க்கவில்லை. சார் முகத்தைப் பார்த்தாள், அண்ணனின் தட்டுகிற கைகளைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், கழுத்தில் வியர்வை இறங்கிப் போவதைக் கவனித்தாள். செண்பா சொன்ன மீதியை அவள் சொல்லவில்லை அல்லவா, அதுவரைக்கும் நல்லது. மீதி என்னவென்றால், ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அமுக்கும்போது அந்தப் பிள்ளை செண்பாவின் முகத்தையே பார்த்ததாம், ஏதோ கேட்க வந்து கேட்காமல் எழுந்ததாம். “நானுந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், மாரி. ஒரே சொல்லு. வெளிய ஆளு இருந்துச்சு, சொல்லல.” அதற்கப்புறம்தான் செண்பா இந்தப் புத்தகத்தைக் கூட்டத்துக்கு எடுக்க வேண்டும் என்று சாரிடம் போய்ச் சொன்னாள். யாராவது ஒருத்தர் வாயிலிருந்து அந்தச் சொல் வரட்டும் என்றுதான். அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான். “தீர்ப்பு சொல்லவும் வேணுமா?” என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். “இலக்கியத்துல எல்லாத்துக்கும் எடமுண்டு, அத நான் மறுக்கல. ஆனா இன்னிக்கு வாதத்துல ஜெயிச்சது எதிரணிதான். அருளு, உம்பேச்சுல ஈரம் இருந்துச்சு, எலும்பு இல்ல.” அருள்செல்வன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து கை கொடுத்தான். “கலக்கிட்டீங்க. எனக்கே மனசு மாறிருச்சு.” மனசு மாறிவிட்டதாம். அவன் கை ஈரமாக இருந்தது, அல்லது அவள் கை. “வேற யாராச்சும் ஒரு வார்த்த சொல்லணுமா? சீட்டெல்லாம் முடிஞ்சுது, இனி அவங்கவங்க இஷ்டம்” என்றார் சார்.

இதோ. இப்போது சீட்டு இல்லை. இப்போது சொல்லலாம். சார், நான் பேசினது சீட்டுக்காக, மனசுக்காக ஒரு வார்த்தை, என்று எழுந்தால் போதும், ஒரே வரி. நல்லா இருங்கட்டி. ரெண்டே சொல். செண்பா இப்போது அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தக் கண்ணில், அதுதான் தாங்க முடியவில்லை, நரம்பு தேடும்போது பார்க்கிற பார்வை, கிடைத்துவிடும் என்று பொறுமையாக அமுக்கிப் பார்க்கிற பார்வை. மாரீஸ்வரி மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சுக்குள் அப்பா இருந்தார், டீ பெஞ்ச் இருந்தது, கல்கிடங்குத் தண்ணீர் இருந்தது, அதன் கரையில் ரெண்டு ஜோடிச் செருப்பு இருந்ததாகச் சொன்னார்கள், சேர்த்து வைத்த மாதிரி. அவளே சொன்னாளே, வராத ரயில் என்று. ஒருவேளை அது உண்மைதானோ? பேசுகிறபோது எதிலும் இடறவில்லையே. இடறாத பேச்சு எங்கிருந்து வந்தது? சீட்டிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா? ரொம்ப நாளாக உள்ளே இருந்த பயத்துக்கு இன்றைக்குத்தான் மேடை கிடைத்ததா? விசிறி சுற்றியது. மூச்சு உள்ளேயே நின்று சூடாகிக்கொண்டிருந்தது. “டீ ஆறுது சார்” என்றார் கருப்பசாமி அண்ணன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

டீ வந்தது, காராச்சேவு வந்தது, தோளில் தட்டினார்கள், ஐப்பசித் திருவிழாப் பட்டிமன்றத்துக்கு அவள் பெயரைச் சொல்லியிருப்பதாகச் சார் சொன்னார், அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு “கரெக்டாச் சொன்ன தாயி, டப்பாவுல வச்சது நல்லதுன்னு இப்பதான் நிம்மதியாச்சு” என்றாள். ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பூட்டிக் கடையில் கொடுத்துவிடு என்று சொல்லிச் சாரும் போனார். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள் செண்பா. மாரீஸ்வரி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். அதை வாங்கி மேலே வைத்தாள் செண்பா.

“நல்லாப் பேசுன.”

“அது சீட்டு, செண்பா. எனக்கு எதிர் விழுந்துச்சு. ஒனக்கே தெரியும்லா.”

“தெரியும். சீட்டத் தப்பு சொல்லல.” கைப்பையைத் தோளில் மாட்டினாள். “ஒரு எடத்துலயாச்சும் ஒனக்கு நாக்கு தடுக்கும்னு பாத்துட்டே இருந்தேன். அதுபோதும்னு இருந்தேன். அந்தப் பிள்ளைகளச் சொன்னியே, அங்கயாச்சும்.”

“செண்பா, இப்ப சொல்லுதேன் கேளு...”

“இப்ப இங்க யாரு இருக்கா, மாரி?”

கேட்டுவிட்டு அவள் சரிந்திருந்த மேல் நாற்காலியை நேராக்கினாள். அப்புறம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வாசலில் தன் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, படியில் இறங்கினாள். மாரீஸ்வரி ஜன்னலுக்கு வந்தாள். கீழே செண்பா ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து உதைத்தாள். வண்டி எடுக்கவில்லை. ஓடினால் பிடித்துவிடலாம், படி அவ்வளவு ஒன்றும் உயரமில்லை, தெருவில் கருப்பசாமி அண்ணன் யாரோடோ பேசிக்கொண்டு நிற்கிறார், நிற்கட்டும், அவர் காதில் விழும்படியே சொல்லலாம், அங்கே சொல்லணும் என்றாளே, இதுதான் அங்கே. செண்பா மறுபடியும் உதைத்தாள். மாரீஸ்வரி ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்தாள், கம்பி வெயிலில் இன்னும் சுட்டது, வாய் திறந்தேதான் இருந்தது, சொல்லெல்லாம் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, ஒன்றுக்குக்கூட முதல் எழுத்து கிடைக்கவில்லை. “என்ன பிள்ள, வண்டி மக்கர் பண்ணுதா?” என்று அண்ணன் திரும்பினார். “எடுத்துரும்ணே” என்றாள் செண்பா. எடுத்துவிட்டது. வெள்ளரிக்காய்க் கூறுகளைச் சுற்றிக்கொண்டு, அவள் மேலே பார்க்காமல், சாயங்காலம் பூ வைக்க ஆள் வருகிற வீட்டுக்கு, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனாள்.